காப்புரிமைகளை எண்ணினால் போதாது, படிக்கவும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகளும் தொழில் நிறுவனங்களும் பெறும் காப்புரிமைகளைப் (பேடன்ட், அதாவது ஒரு கண்டுபிடிப்புக்கு அரசு தரும் குறித்த காலத் தனியுரிமை) பற்றிய செய்திகள் அண்மைக் காலமாக நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஓர் ஆண்டில் இத்தனை காப்புரிமை என்று ஓர் எண் தரப்படுகிறது. அந்த எண்ணைக் கொண்டே இந்த நிறுவனம் புதிய அறிவை உருவாக்குவதில் முந்தியது, அது பிந்தியது என்ற முடிவும் சொல்லப்பட்டுவிடுகிறது. நாகர்கோவிலில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இங்குள்ள சிறு தொழில்களை நெடுங்காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையிலும், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காப்புரிமைத் தரவு பயனற்றது என்பது என் கருத்தன்று. ஒரு நிறுவனத்துக்குள் புதிய அறிவு எப்போது, எந்தத் துறையில், யாரால் உருவானது என்பதை வெளியில் இருப்பவர் அறிந்துகொள்ள அதைவிட நல்ல பதிவு நம்மிடம் இல்லை. ஆய்வுக்காக ஒரு நிறுவனம் செலவழித்த தொகையைப் பார்த்தால் உள்ளே போனது தெரியும், வெளியே வந்தது தெரியாது. விற்பனைக் கணக்கோ மிகத் தாமதமாக வரும். அதில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, கண்டுபிடிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது. காப்புரிமை விண்ணப்பத்திலோ நாள் இருக்கிறது, கண்டுபிடித்தவர் பெயரும் முகவரியும் இருக்கின்றன, தொழில்நுட்ப வகைப்பாட்டுக் குறியீடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அத்துறையில் தேர்ந்த ஒருவர் படித்துத் தாமே செய்து பார்க்கும் அளவுக்கு முழுமையான விவரிப்பு அதில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. சாதாரணமாக 18 மாதங்கள் கழிந்ததும் அந்த விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகி, எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது. இத்தகைய ஆவணத்தை வெறுமனே எண்ணிவிட்டு மூடி வைப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

இத்தரவைப் பொருளியலார் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அவர்களுள் முதன்மையான ஒருவரான ஸ்வி கிரிலிகஸ் 1990இல் எழுதிய நீண்ட மதிப்பாய்வில் மூன்று எச்சரிக்கைகளை விட்டுச் சென்றார்: எல்லாக் கண்டுபிடிப்புகளும் காப்புரிமைக்குத் தகுதி பெறுவதில்லை, தகுதி உள்ளவை எல்லாவற்றுக்கும் காப்புரிமை கோரப்படுவதில்லை, கோரப்பட்டவையும் ஒன்றுக்கொன்று மதிப்பில் மிகப் பெரிய வேறுபாடு கொண்டவை. நம் மாவட்டத்தைச் சுற்றி வந்தால் இம்மூன்றுக்கும் கண்ணெதிரே சான்றுகள் கிடைக்கின்றன.

ஆனால் அதற்கு முன்னரே, எண்ணும் இடத்திலேயே ஒரு குழப்பம் நேர்கிறது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் கணக்குப்படி 2022-23இல் வழங்கப்பட்ட காப்புரிமைகள் 34,134. அடுத்த ஆண்டான 2023-24இல் வழங்கப்பட்டவை 1,03,057. ஒரே ஆண்டில் நாட்டின் கண்டுபிடிப்புத் திறன் மூன்று மடங்கானது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா? அதே காலத்தில் தாக்கலான விண்ணப்பங்கள் 82,811இலிருந்து 92,168 ஆகத்தான் உயர்ந்தன. தேங்கிக் கிடந்த கோப்புகளை அலுவலகம் விரைந்து தீர்த்தது என்பதே அந்தப் பாய்ச்சலுக்குப் பெரும்பகுதி விளக்கம். அலுவலகத்தின் சுறுசுறுப்பைப் பாராட்ட வேண்டும். ஆனால் அது நிறுவனங்கள் உருவாக்கிய அறிவின் அளவன்று. ஆகவேதான் ஆய்வாளர்கள் வழங்கப்பட்ட நாளை விட்டுவிட்டு, விண்ணப்பம் முதன்முதலாகத் தாக்கலான நாளை எடுத்துக்கொள்கிறார்கள். கண்டுபிடிப்பு நடந்த காலத்துக்கு மிக அருகில் இருப்பது அந்த நாள்தான்.

செய்திகளில் இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் காணப்படுகிறது. விண்ணப்பம் இதழில் வெளியானதையே காப்புரிமை கிடைத்துவிட்டதாக எழுதுகிறார்கள். வெளியீடு என்பது காலக்கெடு முடிந்ததும் தானாக நடப்பது. அந்த நிலையில் எந்தப் பரிசோதகரும் அது புதியதுதானா என்று பார்த்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனை கோரித் தனியே மனுச் செய்யாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். இன்னும் சில இடங்களில், 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பொருளின் புறத்தோற்றத்துக்குப் பெறும் பதிவும், வெளிநாடுகளில் புதுமை ஆராயப்படாமலே சில நாட்களில் கிடைத்துவிடும் வடிவமைப்புப் பதிவும் பன்னாட்டுக் காப்புரிமை என்ற பெயரில் பாராட்டு விழாக்களில் அறிவிக்கப்படுகின்றன. ஒரு பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்வது தவறன்று; அது வேறு உரிமை, வேறு சட்டம். இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்ப்பதுதான் தவறு.

இக்கூட்டுத்தொகை ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தேசியத் தரவரிசையில் பொறியியல் கல்லூரிகளுக்கான மதிப்பெண்ணில் வெளியான காப்புரிமைகளும் வழங்கப்பட்ட காப்புரிமைகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. 2021இல் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை தரப்பட்டது. மற்ற பெரிய நிறுவனங்கள் இணையவழித் தாக்கலுக்கு 8,000 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 1,600 ரூபாய் கட்டினால் போதும். அந்தச் சலுகை தேவையானது. தனியாள் ஒருவரும் சிறு நிறுவனமும் அதே சலுகையால்தான் இந்த வாசலுக்குள் வர முடிகிறது. ஆயினும், எண்ணுக்கு மதிப்பெண் என்று ஆனபின் எண் பெருகுவது இயல்பு. சீனாவில் உள்ளூர் அரசுகள் காப்புரிமைக்கு மானியம் கொடுத்தன. எண்ணிக்கை மலைபோல் வளர்ந்தது. தரம் அதற்கு ஈடு கொடுக்கவில்லை என்று கண்ட அந்நாட்டு அரசே 2021இல், எல்லா மானியங்களையும் 2025க்குள் விலக்கிக்கொள்ளும்படி அறிவிக்க வேண்டியதாயிற்று.

சரி, தரத்தை எப்படி அறிவது? நம் ஊரில் ரப்பர் பால் வாங்குபவர் வாளியில் உள்ள எடையை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை; அதில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சோதித்த பிறகுதான் விலை முடிவாகிறது. காப்புரிமையில் அந்தச் சோதனைக்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முதல் கருவி, பின்னால் வந்த காப்புரிமைகள் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்பது. பொருளியலார் மேனுவல் டிராக்டன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வில் சி.டி. ஸ்கேன் கருவிகளை எடுத்துக்கொண்டார். காப்புரிமைகளை வெறுமனே எண்ணியபோது கிடைத்த தொகை, நிறுவனங்கள் ஆய்வுக்குச் செலவிட்டதைப் பிரதிபலித்ததே அன்றி அக்கருவிகளால் சமுதாயம் அடைந்த நன்மையோடு ஒத்துப்போகவில்லை. மேற்கோள்களைக் கொண்டு எடை கொடுத்து எண்ணியபோதோ அந்த நன்மையோடு நெருங்கிய தொடர்பு தெரிந்தது. பின்னர் பிரான்வின் ஹால், ஆடம் ஜாஃபே ஆகியோரும் அவரும் சேர்ந்து, 1963 முதல் 1999 வரை அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஏறத்தாழ 30 லட்சம் காப்புரிமைகளையும் அவற்றுக்கிடையிலான ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மேற்கோள்களையும் தொகுத்து எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் காப்புரிமைகளுக்குச் சராசரியாக ஒரு மேற்கோள் கூடினால் அதன் சந்தை மதிப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது என்பது 2005இல் அவர்கள் கண்ட முடிவு.

மேற்கோளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ஒரு நிறுவனம் எந்த முன்னறிவிலிருந்து கற்றுக்கொண்டது என்பதற்கு அதன் விண்ணப்பத்தில் உள்ள மேற்கோள்களைச் சான்றாகக் கொள்வது வழக்கம். ஆனால் அமெரிக்கக் காப்புரிமைகளில் உள்ள மேற்கோள்களுள் பெரும்பகுதியைச் சேர்த்தவர் பரிசோதகர் என்பதும், கணிசமான காப்புரிமைகளில் எல்லா மேற்கோள்களுமே பரிசோதகர் சேர்த்தவை என்பதும் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் அந்த முன்னோடி ஆவணத்தைப் பார்த்திராமலே இருந்திருக்கலாம். நம் நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. அமெரிக்க ஆவணத்தின் முகப்பிலேயே அச்சாகிவரும் மேற்கோள் பட்டியல் நம் நாட்டு ஆவணத்தில் இல்லை. பரிசோதகர் எவற்றைச் சுட்டினார் என்பதை அறிய ஒவ்வொரு கோப்பிலும் உள்ள முதல் ஆய்வறிக்கையைத் திறந்து படிக்க வேண்டும். உழைப்பு அதிகம்தான். ஆனால் ஒரு மாவட்டத்தின் அளவில் அது செய்ய முடியாத வேலையன்று. முதுகலை மாணவர் சிலர் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம்.

இதைவிட எளிய அளவுகோல் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது, புதுப்பிப்புக் கட்டணம். இந்தியாவில் காப்புரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆனால் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் கட்டணம் கட்டிவந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சலுகை பெறும் பிரிவினருக்கே தொடக்க ஆண்டுகளில் 800 ரூபாயாக இருப்பது கடைசி ஐந்தாண்டுகளில் 8,000 ரூபாயாக ஏறுகிறது. மற்றவர்களுக்கு 4,000 ரூபாயில் தொடங்கி 40,000 ரூபாய் வரை போகிறது. கட்டியவர் அந்த அறிவுக்கு இன்னும் மதிப்பு இருப்பதாகத் தாமே சாட்சி சொல்கிறார். விட்டவர் இல்லை என்று சொல்லிவிட்டார். இதனோடு, கண்டுபிடிப்பு உண்மையில் பயன்பாட்டில் இருக்கிறதா என்று உரிமையாளர் தெரிவிக்க வேண்டிய படிவம் 27 இருக்கிறது. பல நாடுகளில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்காத செல்வம் இது. 2024இன் விதித் திருத்தத்தால் அதை மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்றானது எனக்குப் பின்னடைவாகவே தோன்றுகிறது.

ஒரு நிறுவனம் உருவாக்கும் அறிவு எந்த வகையானது என்பதையும் இத்தரவிலிருந்து காணலாம் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. உலகெங்கும் ஒரே மாதிரியாகப் பயன்படும் பன்னாட்டு வகைப்பாட்டில் ரப்பர் பால் போன்ற மரச்சாறுகளை எடுப்பதற்கென்றே ஏ01ஜி 23/10 என்ற குறியீடு உண்டு; தேனீப் பெட்டிகளுக்கு ஏ01கே 47; முடிச்சுப் போட்டு வலை பின்னுவதற்கு டி04ஜி. நம் மாவட்டத்தில் மீன்வலை நெய்யும் ஆலை ஒன்று பத்தாண்டுகளாக டி04ஜி பிரிவில் மட்டுமே விண்ணப்பித்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது தனக்குத் தெரிந்ததையே ஆழப்படுத்துகிறது. அதே ஆலை ஓர் ஆண்டில் செயற்கை இழை தயாரிப்புக்குரிய டி01எஃப் பிரிவில் விண்ணப்பித்தால், நூலை வாங்கி நெய்தது போய், நூலின் வேதியியலுக்குள்ளேயே அது இறங்கிவிட்டது என்று அறியலாம். விண்ணப்பங்களின் தொகை இரண்டு நிலையிலும் ஒன்றாகவே இருக்கலாம். நிறுவனத்துக்குள் நடந்ததோ முற்றிலும் வேறு. இந்த மாற்றத்தைக் காண்பதற்குத்தான் இத்தரவு மிகவும் ஏற்றது என்பது என் துணிபு.

இனி, இத்தரவின் கண்ணுக்குத் தெரியாதவை. மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-92இல் பரவிய தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் நோயில் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய கூட்டங்களைத் தேர்ந்து பிரித்துப் பெருக்கி, ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் மாதங்களில் பெட்டிகளைத் தோட்டங்களுக்கு நகர்த்தி, அத்தொழிலை மீட்டெடுத்தவர்கள் அவர்கள். அது புதிய அறிவு அல்லவா? ஆனால் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வேளாண் முறைகளையும், மரபறிவையும், தாவரங்களையும் விலங்குகளையும் கண்டுபிடிப்பாகக் கொள்வதில்லை. அவ்வாறு விலக்கியதில் நியாயம் இருக்கிறது; மக்களின் பொதுச் சொத்தைத் தனியார் வளைத்துக்கொள்ளாமல் காப்பதும் அதே பிரிவுதான். என்றாலும், அளவிடும் வேலையில் இறங்கும்போது அந்த விலக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கடற்கரைக்குச் செல்வோம். கட்டுமரத்துக்கு உரிய பெருமரங்கள் அரிதாகிவந்த 1980களில், முட்டத்தின் படகுகட்டும் கூடத்தில் ஒட்டுப்பலகையைக் கொண்டு படகு கட்டும் முறை உருவாகி, அங்கிருந்து தென்னகக் கடற்கரை ஊர்களுக்குப் பரவியது. மீனவர் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பி வந்து சொன்ன குறையைக் கேட்டு அடுத்த படகின் வளைவை மாற்றினார்கள். அந்த அறிவு ஊரார் கைகளில் இருந்தது. காப்புரிமைத் தரவை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பத்தாண்டில் முட்டத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. நம் நாட்டில் ஜெர்மனியிலும் சீனாவிலும் இருப்பது போலச் சிறு மேம்பாடுகளுக்குக் குறுகிய காலப் பாதுகாப்புத் தரும் பயன்மாதிரிச் சட்டம் இல்லாததால், பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் இத்தகைய மேம்பாடுகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

காப்புரிமை கிடைக்கக்கூடியதாக இருந்தும் கோராமல் விடுபவர்களும் உண்டு. ரப்பர் பொருள் செய்யும் சிறு ஆலையில் கந்தகம், முடுக்கி, நிரப்பி ஆகியவற்றை எந்த விகிதத்தில் கலந்து எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதுதான் அந்த ஆலையின் உயிர். அதை எழுதிக் கொடுத்தால் 18 மாதங்களில் உலகறிந்துவிடும்; திருட்டுத்தனமாகப் பயன்படுத்துபவரை வழக்காடித் தடுக்கும் வசதியோ ஆலை உரிமையாளருக்கு இல்லை. ஆகவே பூட்டி வைக்கிறார். இது சிறியவரின் அச்சம் மட்டுமன்று. அமெரிக்காவில் 1994இல் 1,478 தொழில் ஆய்வுக்கூடங்களில் நடத்திய கணக்கெடுப்பிலும், தம் கண்டுபிடிப்பின் பயனைக் காத்துக்கொள்ளக் காப்புரிமையைவிட இரகசியமும் சந்தைக்கு முந்திச் செல்வதும் மேலானவை என்றே பெரும்பாலான துறையினர் சொன்னார்கள். 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட பிரிட்டிஷ் புதுமைகளுள் ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்குத்தான் காப்புரிமை இருந்தது என்று பெட்ரா மோசர் என்ற பொருளியல் வரலாற்றாய்வாளர் காட்டியிருக்கிறார். துறைக்குத் துறை இந்தப் பழக்கம் மாறும் என்பதால், ஒரு மருந்து நிறுவனத்தின் காப்புரிமை எண்ணையும் ஒரு ரப்பர் ஆலையின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

மணவாளக்குறிச்சியின் கனிம மணலில், அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அணுசக்தி சார்ந்த கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வழங்குவதை 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் பல பத்தாண்டுகளாகத் தடுத்து வைத்திருந்தது. நம் மாவட்டத்து எல்லையை ஒட்டி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. அங்கே ஒவ்வொரு சோதனையிலும் சேரும் அறிவு சோதனைக் குறிப்பேடுகளிலும் பொறியாளர்களின் அனுபவத்திலும்தான் பெரும்பாலும் தங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளில் கதை தலைகீழ். அவற்றின் தொழில்நுட்பத்துக்குரிய காப்புரிமைகள் பெரும்பாலும் டென்மார்க், ஜெர்மனி போன்ற நாடுகளின் நிறுவனங்களுக்கு உரியவை. இங்குள்ள காற்றைத் தாங்க அவற்றைப் பராமரித்துப் பழகிய நம் தொழில்நுட்பப் பணியாளர்களின் அறிவு எந்த ஆவணத்திலும் இல்லை. மட்டி வாழைப்பழம், ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரி கிராம்பு, நாகர்கோவில் கோயில் நகை ஆகியவற்றின் புவிசார் குறியீடுகளையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவை ஒரு மண்ணின் நற்பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு, நமக்குப் பெருமைதான். புதிய அறிவின் அளவாக அவற்றைக் கொள்வதற்கில்லை.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு நம் மாவட்டத்துக்கு ஒழுங்கான ஒரு கணக்கை எடுக்க முடியுமா என்றால், முடியும். முகவரியில் சிலர் நாகர்கோவில் என்றும், சிலர் தக்கலை என்றும், சிலர் கே.கே. மாவட்டம் என்றும் எழுதுகிறார்கள். ஊர்ப்பெயரைக் கொண்டு தேடினால் பாதி விடுபடும். ஆனால் நம் மாவட்டத்தின் அஞ்சல் குறியீட்டெண்கள் 629 என்றே தொடங்குகின்றன; அதைக் கொண்டு தேடலாம். தந்தை பெயரின் முதலெழுத்தை ஒரு விண்ணப்பத்தில் முன்னாலும் அடுத்ததில் பின்னாலும் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தால் ஒரே கண்டுபிடிப்பாளர் இருவராகவும் மூவராகவும் தோன்றுவார். நிறுவனப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. இவற்றை ஊரறிந்தவர்கள் உட்கார்ந்து சரிபார்த்தால்தான் தீரும். இங்கே பிறந்து சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்பவர்களின் கண்டுபிடிப்புகள் நிறுவனத்தின் தலைமையக முகவரியிலேயே எண்ணப்படும் என்பதையும் அந்தக் கணக்கில் ஒரு குறிப்பாக எழுத வேண்டும்.

ஆகவே தங்களிடமும், தங்கள் நாளிதழின் வழியாகப் பிறரிடமும் சில வேண்டுகோள்கள். காப்புரிமை பற்றிய செய்தியை வெளியிடும்போது, அது தாக்கலானதா, வெளியானதா, வழங்கப்பட்டதா, வெறும் வடிவமைப்புப் பதிவா என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். விண்ணப்ப எண்ணையும் சேர்த்து வெளியிட்டால், ஐயம் உள்ள வாசகர் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் தாமே பார்த்துக்கொள்வார். கல்லூரி நிர்வாகங்கள் தம் காப்புரிமைகளுள் எத்தனை இன்றும் புதுப்பிக்கப்பட்டு உயிரோடு உள்ளன, எத்தனைக்குப் படிவம் 27இல் பயன்பாடு காட்டப்பட்டுள்ளது என்பதையும் ஆண்டறிக்கையில் சொல்ல முன்வர வேண்டும். மாவட்டத் தொழில் மையமும் இங்குள்ள கல்லூரிகளின் பொருளியல், பொறியியல் துறைகளும் கூடி, 629 குறியீட்டிலிருந்து கடந்த இருபது ஆண்டுகளில் சென்ற விண்ணப்பங்களைத் துறைவாரியாகத் தொகுத்து, ஒவ்வொன்றின் இன்றைய நிலையோடு வெளியிடலாம். காப்புரிமைக்குள் வராத மேம்பாடுகளுக்குத் தேனீ வளர்ப்போரிடமும், படகுகட்டும் கூடங்களிலும், ரப்பர் ஆலைகளிலும் நேரில் சென்று விவரம் கேட்டு எழுதும் ஒரு தனிப் பதிவேட்டையும் அதனுடன் தொடங்கலாம். அத்தொகுப்பில் உள்ள விவரிப்புகளுள் காலாவதியானவற்றையும் கைவிடப்பட்டவற்றையும் எளிய தமிழில் சுருக்கி நம் சிறு தொழில் முனைவோரின் கைகளில் கொடுத்தால், அடுத்தவர் செய்து முடித்ததை மீண்டும் முதலிலிருந்து தேடும் செலவு அவர்களுக்கு மிச்சமாகும். இப்பணியில் கல்லூரிகள் எவையேனும் இறங்குமானால், மாணவர்களுக்கு வகைப்பாட்டுக் குறியீடுகளையும் ஆவணங்களைப் படிக்கும் முறையையும் ஊதியமின்றிக் கற்றுக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.